ஆற்றைக் கடக்கும் பாலம். தெருவைக் கடவாத மனம்



ஐரோப்பாக் கண்டம் என்றதும் நம்மில் பலருக்கு லண்டன் மாநகரும் பாரிஸ் பட்டணமுமே நினைவுக்கு வரும். நாள்தோறும் ஐவேளைப் பாங்கொலி மலைகளில் மோதி எதிரொலிக்கும் பழம்பெரும் நகரங்களும் அக்கண்டத்தில் உண்டு. போஸ்னியா - ஹெர்ஸகோவினா நாட்டிலுள்ள மோஸ்தார் நகரம் அவற்றுள் ஒன்று. அந்நகரின் பெயரே ஒரு பாலத்தை அடியொற்றியது. போஸ்னிய மொழியில் 'மோஸ்த்' என்றால் பாலம். பாலத்தைக் காத்து நின்றோர் 'மோஸ்தாரி' எனப்பட்டனர். காவலரின் பெயர் ஊருக்கே பெயராயிற்று. இந்த வெள்ளிக்கிழமையன்று அப்பாலத்தைக் காண உங்களை அழைக்கின்றோம். சற்றே உடன் வாருங்கள்.

தலைநகரான சரயேவோவிலிருந்து இரயிலில் புறப்பட்டால் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். மலைகளைக் குடைந்தும் நெரெத்வா ஆற்றை ஒட்டியும் செல்லும் பாதை அது. மோஸ்தாரில் இறங்கி, பழைய கடைவீதியின் கூழாங்கல் தரையில் நடந்தால், செம்பைத் தட்டி அணி செய்யும் கம்மியரின் சுத்தியல் ஓசை செவியில் விழும். வீதி திரும்பும் இடத்தில் திடீரென்று வானத்தை நோக்கி எழுந்து நிற்கிறது அந்த வெண்கல் வளைவு. கீழே மரகதப் பச்சை நிறத்தில் குளிர்ந்த ஆறு. இரு கரைகளிலும் இரண்டு கற்கோபுரங்கள். கீழ்க்கரைக் கோபுரத்துக்குத் தாரா என்று பெயர். மேற்கரைக் கோபுரத்துக்கு ஹலெபியா என்று பெயர்.

பாலத்தின் அகலம் நான்கு மீட்டர்தான். ஒரே வளைவு, அதன் வீச்சு ஏறத்தாழ 29 மீட்டர். நடுவில் ஒரு தூண்கூட இல்லை. தளம் நடுவே கூர்ந்து உயர்ந்து இருபுறமும் சரிகிறது. பல நூற்றாண்டுக் காலடிகளின் தேய்வுபோல் கல் வழுவழுப்பாயிருப்பதால், கால் வழுக்காதிருக்கக் குறுக்கே வரிவரியாகக் கல்விளிம்புகளை எழுப்பியிருக்கிறார்கள். மழை நாளில் செல்வோர் கவனமாக அடியெடுத்து வைக்க வேண்டும். உச்சியில் நின்று வடக்கே நோக்கினால், 1618-ஆம் ஆண்டளவில் எழுந்த கோஸ்கி மெஹ்மத் பாஷா பள்ளிவாசலின் மினாரா ஆற்றங்கரையில் ஒல்லியாக உயர்ந்து நிற்பதைக் காணலாம்.

உச்சியிலிருந்து ஆற்றில் குதிப்பது அந்நகரத்து இளைஞர்களின் நெடுநாள் வழக்கம். இருபது மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து அக்குளிர்நீரில் பாய்கிறார்கள். 1968 முதல் இதற்கு முறையான போட்டியும் நடைபெற்று வருகிறது.

வளைவு எழுந்த வரலாறு

இப்பாலம் எழுவதற்குமுன் அவ்விடத்தில் சங்கிலிகளில் தொங்கும் ஒரு மரப்பாலம் இருந்தது. அது ஆடிய ஆட்டத்தில் கடப்போர் அச்சத்தால் நடுங்கினராம். ஊர் மக்கள் உஸ்மானியப் பேரரசர் சுல்தான் சுலைமானிடம் முறையிட்டனர். அவருடைய ஆணைப்படி 1557-ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. அதே ஆண்டில்தான் அந்நகரின் பெருங்கொடையாளரான கராஜோஸ் பேயின் பள்ளிவாசலும் நிறைவெய்தியது. பாலம் கட்டிய சிற்பியின் பெயர் மிமார் ஹைருத்தீன். உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் சினானின் மாணவர் அவர் என்பர்.

அவரைப் பற்றி ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. பாலம் இடிந்தால் தலை போகும் என்று சுல்தான் எச்சரித்திருந்தாராம். சாரத்தை அவிழ்க்கும் நாளன்று, வளைவு நிற்குமோ விழுமோ என்று அறியாத ஹைருத்தீன் தமக்குத் தாமே கபுரைத் தோண்டி வைத்துவிட்டுக் காத்திருந்தாராம். வளைவு நின்றது. கதை மெய்யோ, புனைவோ. தம் வேலைக்குத் தம் உயிரையே ஈடு வைப்பவனே நல்ல வினைஞன் என்பதை அது உணர்த்துகிறது.

கட்டிய முறையும் நம் சிந்தனைக்குரியது. 'தெனெலியா' என்னும் உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லைச் செதுக்கி, கல்லோடு கல்லை இரும்புக் கொக்கிகளால் பிணைத்து, அந்த இணைப்புகளில் உருக்கிய காரீயத்தை ஊற்றியிருக்கிறார்கள். இரும்பு அசையாதிருக்கவும் துருப்பிடியாதிருக்கவும் காரீயம் காவல். இவை எதுவும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் கல்லின் அழகே; தாங்குவதில் பெரும்பங்கு உள்ளே மறைந்திருக்கும் பிணைப்புக்கு உரியது.

வேலை முடிந்தது ஹிஜ்ரி 974-இல், அதாவது கி.பி. 1566 - 67. அந்த ஆண்டைக் குறிக்க 'குத்ரத் கெமெரி' என்ற சொற்றொடரை வழங்கினார்கள். 'இறையாற்றலின் வளைவு' என்பது அதன் பொருள். பிஸ்மிக்கு 786 என்று எழுத்தெண் கூட்டிச் சொல்லும் வழக்கை நீங்கள் அறிவீர்கள். அதே அப்ஜத் கணக்குப்படி 'குத்ரத்' என்பதன் எழுத்துகளைக் கூட்டினால் 704. 'கெமெரி' என்பதன் எழுத்துகளைக் கூட்டினால் 270. இரண்டும் சேர்ந்தால் 974. இச்சொற்றொடரில் கட்டிய சிற்பியின் பெயருமில்லை; கட்டச் சொன்ன சுல்தானின் பெயருமில்லை. ஆற்றல் யாருடையது என்பதை மட்டும் அவர்கள் சொல்லி வைத்தார்கள். சுல்தான் சுலைமானும் 1566 செப்டம்பரில், ஹங்கேரிப் படையெடுப்பின்போது பாசறையிலேயே உலகைத் துறந்தார்.

பாதையில் கிடக்கும் இடையூற்றை நீக்குவதும் ஈமானின் ஒரு கிளையே என்று நம் நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். சிறு முள்ளை அகற்றுவதே அத்தகைய நற்செயலென்றால், பெருகியோடும் ஆற்றைக் கடக்க வழி அமைப்பது எத்துணைப் பெரிய தருமம்! நூற்றாண்டுகள் தோறும் அதில் நடந்தவர் யாவர்? முஸ்லிமும் நடந்தார்; கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவரும் நடந்தனர்; யூதரும் நடந்தார். பாலம் யாரையும் நீ எம்மார்க்கத்தவன் என்று கேட்டதில்லை.

விழுந்த நாள்

1992-இல் போஸ்னியாவில் போர் மூண்டது. முதலில் யூகோஸ்லாவியப் படையும் செர்பியப் படையினரும் நகரைத் தாக்கினர். அப்போது போஸ்னிய முஸ்லிம்களும் குரோவாசியரும் ஒன்றாக நின்று எதிர்த்தனர். அவ்வாண்டிலேயே கத்தோலிக்க ஆலயம் தீக்கிரையாயிற்று, ஆர்த்தடாக்ஸ் பேராலயமும் அழிக்கப்பட்டது, பள்ளிவாசல்கள் சிதைந்தன. துயரம் ஒரு சமயத்தவருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. அடுத்த ஆண்டு, 1993 மே 9-ஆம் நாள், நேற்றுவரை தோளோடு தோள் நின்ற இரு சாராரும் ஒருவரையொருவர் சுடத் தொடங்கினர். கிழக்கு மோஸ்தார் முற்றுகைக்குள்ளாயிற்று.

பாலத்தைக் காக்க மக்கள் செய்த முயற்சி நெஞ்சை உருக்கும். பழைய டயர்களைக் கட்டித் தொங்கவிட்டனர். பலகைகளாலும் தகரத்தாலும் மேலே கூரை வேய்ந்தனர். நோயுற்ற தாய்க்குப் போர்வை போர்த்துவது போல அதைப் போர்த்தினர். ஆனால் பீரங்கிக்கு முன் போர்வை என்ன செய்யும்? நவம்பர் 8-ஆம் நாள் தொடங்கி, குரோவாசியத் தரப்பின் டாங்கி அதன்மீது குண்டுகளைப் பொழிந்தது. 9-ஆம் நாள் காலை பத்தேகால் மணியளவில் வளைவு ஆற்றில் விழுந்தது. 427 ஆண்டுகள் நின்றது, இரண்டு நாளில் வீழ்ந்தது.

இதைப் பற்றி ஹேக் நகரில் அப்போது இயங்கிய சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்தது. பாலத்தை அழித்ததால் மக்களுக்கு நேர்ந்த தீங்கு, இராணுவப் பயனைவிட அளவு மீறியது என்று 2013-இல் தீர்ப்பாயிற்று. 2017-இல் மேல்முறையீட்டு நீதிபதிகள், அது அச்சமயம் இராணுவ இலக்காகவும் இருந்தது என்று கூறி, பாலத்தைப் பற்றிய அப்பகுதியை நீக்கினார்கள். ஏனைய கொடுமைகளுக்கான தண்டனைகள் பெரும்பாலும் நிலைத்தன. சட்டத்தின் தராசு அவ்வாறு நின்றது.

மீண்டும் எழுந்தது

போர் ஓய்ந்தபின் ஹங்கேரி நாட்டு இராணுவ முக்குளிப்போர் ஆற்றின் அடியிலிருந்து பழைய கற்களை மேலே கொணர்ந்தனர். அவை மறுபடி வளைவில் வைக்கத் தகுதியற்றவை எனக் கண்டு, அதே தெனெலியாக் கல்லைப் புதிதாக வெட்டி, அதே பழைய முறையில் இரும்பும் காரீயமும் இட்டுப் பிணைத்தார்கள். யுனெஸ்கோவும் உலக வங்கியும் துணை நின்றன. துருக்கியும் இத்தாலியும் நெதர்லாந்தும் பொருள் தந்தன. குரோவாசிய நாடும் தந்தது என்பதை நாம் மறக்கலாகாது. 2004 ஜூலை 23-ஆம் நாள் பாலம் திறந்து வைக்கப்பட்டது. 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

இங்கேயே இக்கட்டுரையை முடித்துவிட்டால் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் உண்மை இன்னும் சற்றுத் தொலைவு நடக்கச் சொல்லுகிறது.

நீரில்லாத ஆறு

காண வரும் பிரயாணிகள் பலர், ஒரு கரை முஸ்லிம்களுடையது, மறு கரை குரோவாசியருடையது, பாலம் இரண்டையும் இணைக்கிறது என்று எண்ணிக்கொண்டு திரும்பி விடுகிறார்கள். அது பிழை. பாலத்தின் இரு முனைகளுமே போர்க்காலத்தில் போஸ்னியப் படையின் வசத்தில்தான் இருந்தன. பாலத்தைக் கடந்து மேற்கே சில நிமிடங்கள் நடந்தால் ஒரு பெருந்தெரு குறுக்கிடும். 'புலெவார்' என்று அதற்குப் பெயர். போர்முனை அந்தத் தெருதான். ஒரு பக்கத்து வீட்டிலிருந்து எதிர்ப்பக்கத்து வீட்டைச் சுட்டார்கள். நகரைப் பிளந்தது ஆறு அன்று; ஒரு தெரு.

பழைய நகரில், கராஜோஸ் பே பள்ளிவாசலுக்கு அருகே ஓர் அடக்கத்தலம் இருக்கிறது. போருக்குமுன் அது பூங்காவாக இருந்தது. அங்குள்ள வெண்கல் மீசான்களைப் படித்துப் பாருங்கள். பிறந்த ஆண்டுகள் பலவாக இருக்கும்; இறந்த ஆண்டு பெரும்பாலும் ஒன்றே: 1993.

இன்று புலெவாரில் காவலுமில்லை, தடையுமில்லை. எவரும் கடக்கலாம். ஆயினும் ஒரு நகரத்துக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. காற்பந்துக் கழகங்களும் அவ்வாறே. தெருவோரத்துப் பழைய உயர்நிலைப் பள்ளியில் இரு சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் வந்தார்கள், பாடத்திட்டமோ ஆளுக்கொன்று. கட்சிகள் உடன்படாத காரணத்தால் 2008-க்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் நகரசபைத் தேர்தலே நடக்கவில்லை. நகரவாசியான ஒரு பெண்மணி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்று 2019-இல் வழக்கில் வென்றார். 2020 டிசம்பர் 20-ஆம் நாள் மக்கள் மீண்டும் வாக்களித்தனர். கல்லில் அன்றி வேறொரு பொருளில் பாலம் கட்டிய கை அவருடையது என்று சொன்னால் தவறாகுமோ?

எண்ணிப் பாருங்கள், அன்பர்களே! ஆற்றின்மீது பாலம் எழுப்ப உலகம் பொருள் தந்தது, சிற்பிகள் மூன்றாண்டு உழைத்தார்கள், எழுந்தது. ஆனால் நீரே ஓடாத ஒரு தெருவின்மீது எந்தச் சிற்பி பாலம் கட்டுவான்? அங்கு வேண்டுவது கல்லன்று. அண்டை வீட்டாரின் உரிமையை இவ்வளவு வலியுறுத்திய மார்க்கம் நம்முடையது. அந்த அண்டை வீட்டார் எச்சமயத்தவராயினும் அவ்வுரிமை குன்றுவதில்லை. எதிர்வீட்டுக்காரனை மனிதனாகக் காணும் கண்ணும், அவன் பிள்ளையின் ஜுரத்தைக் கேட்டு விசாரிக்கும் நாவும், பழைய பகையைத் தானே முந்திச் சென்று முடிக்கும் துணிவுமே அத்தெருவைக் கடக்கும் பாலம். ஹைருத்தீன் கற்களுக்கிடையே ஊற்றிய காரீயம் போல் அவை வெளியே தெரியமாட்டா. அவை இல்லாத நாளில்தான் அவற்றின் அருமை தெரியும்.

பாலத்தின் அருகே ஒரு கல்லில், '93-ஐ மறவாதீர்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மறக்கத்தான் கூடாது. ஆனால் நினைவைப் பகைக்கு எரிபொருளாக்குவது ஒரு வழி. இனியொருமுறை நேராதிருக்கப் படிப்பினையாக்குவது மற்றொரு வழி. இரண்டாம் வழி கடினமானது. சரிந்து உயரும் அந்த வழுக்குக் கற்பாலத்தைப் போன்றது. ஒவ்வோரடியையும் கவனித்து வைக்க வேண்டும்.

மோஸ்தாருக்குச் செல்லும் பாக்கியம் நம்மில் சிலருக்கே கிட்டலாம். ஆனால் ஒவ்வொருவர் வாசலுக்கு முன்னும் ஒரு தெரு இருக்கிறது. அதன் மறுபக்கத்தில் நாம் பல நாளாய்ப் பேசாதிருக்கும் ஒருவர் இருக்கக்கூடும். உடன்பிறந்தவராகவும் இருக்கலாம், அயலவராகவும் இருக்கலாம். இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பும்போது அத்தெருவைக் கடந்து அவர் வாசலில் நின்று நலம் விசாரித்துப் பாருங்கள்.

உள்ளங்களை இணைக்கும் ஆற்றல் உடையவன் வல்ல அல்லாஹ் ஒருவனே. அவன் மோஸ்தார் மக்களின் உள்ளங்களையும் நம் உள்ளங்களையும் இணைத்தருள்வானாக! ஆமீன்.