ஒயில் ரோஜா நிறமானால் வண்டியை நிறுத்துங்கள்

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்றுபோன கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. அந்த இடைவெளியில் ஏற்கெனவே பழசாயிருந்த ஜப்பான் கார்களுக்கு இன்னும் ஐந்து வயது கூடிவிட்டது. எஞ்சின் ஒயிலைக் காலம் தவறாமல் மாற்றியவர்களில் பலர் ஓட்டோ கியரின் ஒயிலை ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

கோளாறு சத்தமில்லாமல்தான் வரும். காலையில் 'டி'யில் போட்டால் வண்டி ஒரு கணம் தாமதித்து, பின்னால் யாரோ இடித்ததுபோலக் கிளம்பும். ஏற்றத்தில் எஞ்சின் இரையும், வேகமுள் மட்டும் ஏறாது. உள்ளே கிளச் தட்டுகள் வழுக்குகின்றன என்று அர்த்தம். வழுக்கினால் சூடு, சூட்டில் ஒயில் கருகும், கருகிய ஒயிலின் கசடு வால்வுகளில் ஒட்டி அழுத்தத்தைக் குறைக்கும், தட்டுகள் இன்னும் வழுக்கும். 'போகிற மட்டும் போகட்டும்' என்று ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் செலவுதான்.

கியர்பொக்ஸைக் கழற்றுவோம் என்று கராஜில் சொன்னால், முதலில் ஒயிலைப் பாருங்கள். 2000களின் தொடக்கத்துக் கொரோலா போன்றவற்றில் இதற்கென்று தனி அளவுக்குச்சி இருக்கிறது. கொஞ்ச தூரம் ஓடிச் சூடான வண்டியை மட்டமான தரையில் நிறுத்தி, கியரை எல்லா நிலைக்கும் ஒருமுறை நகர்த்திப் 'பி'க்குக் கொண்டுவந்து, எஞ்சின் ஓடும்போதே அளக்க வேண்டும். ஹொண்டாவுக்கு இது பொருந்தாது. அதில் எஞ்சினை நிறுத்தி, ஓரிரு நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. எஞ்சின் ஒயில்போல எரிந்து தீருகிற சாமான் இல்லை இது.

குச்சியை வெள்ளைத் தாளில் ஒற்றுங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. கபில நிறமும் தீய்ந்த மணமும் என்றால் தட்டுகள் தேய்ந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் மோசமானது பால் கலந்ததுபோன்ற ரோஜா நிறம். பல கார்களில் இந்த ஒயிலைக் குளிர்விக்கும் சிறு குழாய் ரேடியேற்றரின் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதன் சுவர் அரித்தால் கூலன்ட் கியர்பொக்ஸுக்குள் புகும். கிளச் தட்டின் மேலுறை பசையால் ஒட்டப்பட்டது. கூலன்ட்டில் உள்ள தண்ணீரும் கிளைக்கோலும் அந்த உறையை ஊறவைத்து உரித்துவிடும். அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரையான நிசான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெரா வண்டிகளில் ரேடியேற்றர் இப்படிப் பழுதானது பிரசித்தம். அந்தக் கலவைக்கு அங்குள்ளவர்கள் வைத்த பெயர் ஸ்ட்ரோபெரி மில்க்ஷேக். அந்த நிறத்தைக் கண்டால் கராஜ் வரைக்கும்கூட ஓட்டாதீர்கள். ரேடியேற்றரை மாற்றாமல் ஒயிலை மட்டும் மாற்றுவது, கூரை ஒழுக ஒழுகத் தரையைத் துடைப்பதுதான்.

ஸ்கேனரில் பி0700 என்று வந்ததும் 'பொக்ஸ் போச்சு' என்பவர்கள் உண்டு. கியர்பொக்ஸின் கணினி ஏதோ ஒரு பிழையைப் பதிந்திருக்கிறது என்பதற்கு மேல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. கூடவே இருக்கும் மற்ற எண்ணைக் கேளுங்கள். ஒயிலின் வழியை மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சொலினொய்ட், துருவேறிய வயர் முனை, வலுவிழந்த பற்றரி என்று சின்ன விஷயமாகவும் இருக்கலாம்.

ஒயில் போத்தல்கள் எல்லாம் ஒன்றல்ல. 2001இல் வந்த முதலாவது ஹொண்டா ஃபிட்டில் பல்சக்கரங்களை மாற்றும் கியர் கிடையாது. இரு கப்பிகளுக்கிடையே இரும்புப் பட்டி ஓடும் சீவீடி அது. பட்டி கப்பியைப் பிடிப்பதற்கென்றே தயாரித்த ஒயிலுக்குப் பதில் சாதாரண சிவப்பு ஒயிலை ஊற்றினால் பட்டி வழுக்கிக் கப்பியைச் சுரண்டும். வண்டியின் கைநூலில் இருக்கும் பெயரும் போத்தலில் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். 'எல்லாத்துக்கும் இதுதான் ஊத்துறம்' என்று சொல்லும் கடையில் நான் வாங்கமாட்டேன்.

வண்டி நடுவழியில் நின்றால் நம் வழக்கம் கயிறு. மனுவல் கியருக்கு அது சரி. ஓட்டோ கியரில் ஒயிலை இறைக்கும் பம்பை எஞ்சின்தான் சுழற்றுகிறது. எஞ்சின் நின்றபின் 'என்'னில் போட்டு இழுத்தால் சில்லோடு சேர்ந்து உள்ளே சுழலும் பாகங்கள் ஒயிலில்லாமல் உரசிக்கொள்ளும். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் வரை அப்படி இழுத்தால், ஒரு சொலினொய்டோடு முடிந்திருக்கக்கூடிய பழுது முழுப் பொக்ஸையும் எடுத்துவிடும். முன்சில்லு இழுக்கும் கார் என்றால் முன்பக்கத்தைத் தூக்கி இழுக்க வேண்டும். நாலு சில்லும் இழுப்பதென்றால் லொறியில் ஏற்றத்தான் வேண்டும்.