உங்கள் மாட்டின் குளம்பைக் குனிந்து பார்த்தீர்களா?

மாடு வாங்கப் போகிறவர் எதையெல்லாம் பார்க்கிறார்? மடியைப் பார்க்கிறார். பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். சுழியும் பார்க்கிறார். ஆனால் அந்த உடம்பின் பாரம் முழுவதையும் தாங்கி நிற்கும் நான்கு குளம்புகளைக் குனிந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

ரெங்கம் வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் நின்ற காடுகள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. முன்போல் வீட்டுக்கு வீடு மாடும் இல்லை. ஆனாலும் வளர்க்கிற குடும்பத்துக்கு மாடுதான் சேமிப்பு. பிள்ளையின் படிப்புச் செலவும், மகளின் கல்யாணச் செலவும் அந்தக் கொட்டகையிலிருந்தே வருவதுண்டு. இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழியில் பிறந்தவற்றைக் கால்நடைத் துறையினர் ‘உள்நாட்டு இந்தியப் பால் மாடு’ என்றே பெயரிட்டு அழைக்கிறார்கள். அந்த அளவுக்கு நம் மக்களின் உழைப்பு இந்நாட்டு மாடு வளர்ப்பில் கலந்திருக்கிறது.

அப்படிப்பட்ட மாடு நொண்டத் தொடங்கினால் என்ன ஆகும்? மேயப் போகாது, தீவனம் குறையும், பால் குறையும், சினைக்கு வருவதும் தள்ளிப் போகும். கடைசியில், வந்த விலைக்கு இறைச்சிக்காரரிடம் தள்ளிவிட வேண்டியதுதான். இவ்வளவு நட்டத்துக்கும் காரணம் பல சமயங்களில் ஓர் அங்குலக் குளம்புதான்.

குதிரைக்காரர் கண்ட உண்மை

குளம்பின் அருமையை நன்றாக அறிந்தவர்கள் குதிரை வளர்ப்பவர்கள். கால் போனால் குதிரையே போயிற்று என்பது அவர்களுக்குத் தெரியும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி, லாடத்தைக் கழற்றி மாற்றுகிறார்கள். நம் ஊர் வண்டி மாட்டுக்கும் லாடம் அடித்த காலம் உண்டு. குதிரைக் குளம்பு ஒன்றாக இருப்பதால் ஒரே லாடம். மாட்டின் குளம்பு பிளந்திருப்பதால் காலுக்கு இரண்டு துண்டுகள்.

சில குதிரைகளுக்குக் குளம்பு வெடிக்கும், ஓரம் உதிரும், ஆணி நிற்காது. இதற்கு என்ன வழி என்று ஆராய்ந்தவர்கள், வெண்ணிறத்துக்குப் பேர்போன லிப்பிஸானர் குதிரைகளுக்குத் தினமும் 20 மில்லிகிராம் ‘பயோட்டின்’ என்னும் வைட்டமினைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1995-ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில் குளம்பு தேறியது உண்மை. ஆனால் தேறியதாகக் கண்ணுக்குத் தெரிய ஒன்பது மாதங்கள் ஆயின!

ஏன் இத்தனை தாமதம்? இதைப் புரிந்துகொண்டால் குளம்பின் இரகசியம் முழுவதும் புரிந்துவிடும்.

குளம்பு மேலிருந்து கீழே வளர்கிறது

குளம்பு நம் நகத்தைப் போன்றது. நகமும் முடியும் எந்தப் பொருளால் ஆனவையோ அதே பொருளால்தான் குளம்பும் ஆகியிருக்கிறது. முடி முடிந்து குளம்பு தொடங்கும் விளிம்பில் அது பிறக்கிறது. மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. மாட்டுக்கு மாதம் சுமார் 5 மில்லிமீட்டர்தான் வளரும். முன்பக்கக் குளம்பு முழுவதும் புதிதாக மாற ஓராண்டுக்கு மேல் ஆகும்.

ஆகவே இன்று நுனியில் காணும் வெடிப்புக்கு உரிய காரணம் இன்றைய தீவனத்தில் மட்டும் இருக்காது. குளம்பின் மேல் குறுக்காக ஒரு பள்ள வரி தெரிகிறதா? அளந்து பாருங்கள். முடி விளிம்பிலிருந்து 3 சென்டிமீட்டர் கீழே இருந்தால், ஏறக்குறைய ஆறு மாதங்களுக்கு முன் அந்த மாடு காய்ச்சலிலோ, தீவனக் கோளாறிலோ, கன்று ஈன்ற களைப்பிலோ அவதிப்பட்டிருக்கிறது என்று பொருள். வாயில்லாச் சீவன் தன் கஷ்டத்தைக் குளம்பில் எழுதி வைத்திருக்கிறது.

வளர்ந்துவிட்ட குளம்பு உயிரற்றது. அதன்மேல் எண்ணெய் பூசுவதால் பளபளப்பு வரும், பலம் வராது. பலம் வேண்டுமானால் தரை, தீவனம், சீவுதல் ஆகிய மூன்றையும் கவனிக்க வேண்டும்.

முதலில் தரை

ஜொகூரில் மழைக்குக் குறைவில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும், பிறகு 2023 மார்ச்சிலும் வந்த வெள்ளங்களை நாம் மறக்கவில்லை. வெள்ளம் வராத நாளிலும் கொட்டகையில் மூத்திரமும் சாணமும் தேங்கினால் மாட்டுக்கு அது தினசரி வெள்ளம்தான். ஓயாத ஈரம் குளம்பை ஊற வைக்கிறது. மூக்கை எரிக்கும் அந்த மூத்திர நெடி குளம்பையும் அரிக்கிறது. ஊறிய குளம்பில் சிறு கல் குத்தினாலும் கிருமி புகுந்து, விரலிடை அழுகி நாற்றமெடுக்கும்.

கொட்டகைத் தரை பின்பக்கமாகச் சற்றே சரிந்திருக்கட்டும். மூத்திரம் ஓட ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். காலையும் மாலையும் சாணத்தை அள்ளுங்கள். மாடு படுக்கும் இடத்தில் உலர்ந்த மரத்தூள் தூவலாம். வாசற்படியிலும் தண்ணீர்த் தொட்டியருகிலும்தான் சேறு அதிகம். அங்கே சரளை கொட்டி, மேலே மணல் பரப்புங்கள். இதற்குப் பணம் அதிகம் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமையின் உழைப்பு போதும்.

அடுத்தது தீவனம்

கோயில் திருவிழா முடிந்து மிஞ்சிய சோற்றை, ‘பாவம், தின்னட்டும்’ என்று மாட்டின் முன் கொட்டுகிறோம். அன்பினால் செய்கிற காரியம்தான், ஆனால் விஷமாகிவிடும். பழக்கமில்லாத மாடு சோற்றையோ தவிட்டையோ ஒரேயடியாகத் தின்றால் வயிறு புளித்துப்போகிறது. அதன் விளைவாகக் குளம்புக்குள் இருக்கும் மென்மையான சதை வீங்கி, மாடு கால் ஊன்ற முடியாமல் தவிக்கும். சில வாரங்கள் கழித்து நொண்டும்போது நாம் திருவிழாவை மறந்திருப்போம். புல்லே முதல் உணவு. மற்றவை கொஞ்சம் கொஞ்சமாக.

குளம்பு உறுதிக்குப் புரதமும் துத்தநாகச் சத்தும் தேவை. கடையில் விற்கும் தாது உப்புக் கட்டியைத் தொங்கவிட்டால் மாடு வேண்டிய மட்டும் நக்கிக்கொள்ளும். பயோட்டினை மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களே பெருமளவு உண்டாக்கிக் கொடுக்கின்றன. ஆகவே மருந்து டப்பாவுக்கு ஓடுமுன் புல்லையும் தரையையும் சரிசெய்யுங்கள்.

மூன்றாவது சீவுதல்

மென்மையான தரையில் கட்டிக் கிடக்கும் மாட்டுக்குக் குளம்பு தேயாமல் நீண்டு வளையும். ஆண்டுக்கு இருமுறை சீவ வேண்டும். பழகியவரைக் கொண்டே செய்யுங்கள். ஒரே தடவையில் ஆழமாக வெட்டாமல் மெல்ல மெல்லச் சீவி, அரத்தால் தேய்ப்பதே நல்லது. இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். அதற்கு அடியில் உயிர்ச்சதை.

மருந்துத் தண்ணீர்

விரலிடைப் புண் வராமல் தடுக்க, மாட்டை மருந்துத் தண்ணீரில் நிற்க வைக்கலாம். 10 லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ மயில்துத்தம் கணக்கு. முதலில் காலைக் கழுவிச் சேற்றை நீக்குங்கள். பிறகு சில நிமிடம் நிற்கட்டும். அந்தத் தண்ணீரை மாடு குடிக்கக் கூடாது. பிள்ளைகள் தொடக் கூடாது. மிஞ்சியதை ஓடையிலோ மீன் குட்டையிலோ கொட்டக் கூடாது.

செம்மறி வளர்ப்போருக்கு ஓர் எச்சரிக்கை. செம்புச் சத்து செம்மறியின் ஈரலில் தேங்கிக் கொன்றுவிடும். மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. மாட்டுக்கு நாம் போடும் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கிலும் செம்பு மிகுதி. எனவே செம்மறிக்கு அந்தப் புண்ணாக்கைப் போடாதீர்கள். அதன் காலுக்கு 10 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ துத்தநாக சல்பேட்டைக் கரைத்துப் பயன்படுத்துங்கள்.

இது மட்டும் வேறு

நொண்டுவதோடு வாயில் கொப்புளமும், நூலாக ஒழுகும் எச்சிலும், காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அது கோமாரியாக இருக்கலாம். அப்போது கைவைத்தியம் பார்க்க வேண்டாம். மாட்டை வெளியே ஓட்டவோ விற்கவோ வேண்டாம். குளுவாங் மாவட்டக் கால்நடை இலாகாவுக்கு உடனே தெரிவியுங்கள். மறைத்தால் பக்கத்துத் தோட்டத்து மாடுகளும் அவதிப்படும்.

வாசகர்களே! இன்று கொட்டகையைச் சீர்செய்தால் நாளையே பலன் தெரியாது. அடுத்த மாதமும் பெரிதாகத் தெரியாது. ஆனால் முடி விளிம்பை ஒட்டி வழுவழுப்பான புதுக் குளம்பு ஒரு விரல் அகலம் இறங்கியிருப்பதை நான்கு மாதத்தில் காண்பீர்கள். அது நீங்கள் சம்பாதித்தது. நாளைக் காலை பால் கறக்க உட்காரும்போது, மடியைத் தொடுவதற்கு முன் ஒருமுறை குனிந்து குளம்பைப் பாருங்கள்.