மூன்று நொடியில் கைமாறும் காவல்

அலுவலக நெட்வொர்க்குக்கும் வெளி இணையத்துக்கும் நடுவே நிற்கும் ஃபயர்வாலுக்கும் வயதாகும். விசிறி தேயும், இணைய வேகம் பெருகப் பெருகப் பழைய ஒரு கிகாபிட் போர்ட் திணறும். மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதை நிறுத்தினால் மொத்த அலுவலகமும் நின்றுவிடும். அதனால்தான் பல இடங்களில் ஒன்றுக்கு இரண்டாக வைக்கிறார்கள். ஒன்று வேலை பார்க்கும்; மற்றது காத்திருக்கும்.

ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தில் இந்த ஜோடி ஏற்பாட்டுக்குக் கார்ப் என்று பெயர். அது பிறந்ததே ஒரு சண்டையில்தான். இதே வேலைக்கு விஆர்ஆர்பி என்ற நெறிமுறை ஏற்கெனவே இருந்தது. அதற்குத் தன் காப்புரிமை பொருந்தும் என்றது சிஸ்கோ. ஓபன்பிஎஸ்டி குழு ஒதுங்கிப்போய், சொந்தமாக ஒன்றை எழுதி 2004-இல் 3.5 பதிப்போடு வெளியிட்டது. முறைப்படி தனி நெறிமுறை எண் கிடைக்காததால் விஆர்ஆர்பியின் 112-ஐயே வைத்துக்கொண்டது. போதாததற்கு, அந்தப் பதிப்போடு வந்த பாட்டிலும் இந்த விவகாரத்தைக் கிண்டலடித்தது. (பதிப்புக்கொரு பாட்டுப் போடுவது அப்போது அவர்கள் வழக்கம்.)

இரண்டு கருவிகளுக்கும் தனித்தனி முகவரி உண்டு. கூடவே பொதுவாக ஒரு ஐபி முகவரியும் ஒரு மேக் முகவரியும் உண்டு. அலுவலகக் கணினிகளுக்குத் தெரிவது பொது முகவரி மட்டும். அதை வைத்திருக்கும் மாஸ்டர், ‘நான் இருக்கிறேன்’ என்று நொடிக்கொரு முறை அறிவித்துக்கொண்டே இருக்கும். ஏறக்குறைய மூன்று நொடிக்கு அறிவிப்பு வராவிட்டால், காத்திருக்கும் பேக்கப் அந்த முகவரியைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும்.

முகவரி கைமாறுவது எளிது. ஞாபகம் கைமாறுவதுதான் கடினம். சினிமா தியேட்டரில் இடைவேளைக்கு வெளியே போய்த் திரும்புகிறவரை வாசற்காரர் முகம் பார்த்தே உள்ளே விடுவார். இடைவேளைக்குள் வாசற்காரர் மாறிவிட்டால் தகராறுதான். ஃபயர்வாலும் அப்படியே. எந்தக் கணினி, எந்த சர்வரோடு, எந்தப் போர்ட்டில் பேசுகிறது, டிசிபி வரிசை எண் எதுவரை வந்திருக்கிறது என்பதையெல்லாம் ஒரு பட்டியலில் வைத்திருக்கும். சும்மா கிடக்கும் டிசிபி இணைப்பைக்கூட 24 மணி நேரம் வரை மறக்காது. பட்டியலில் இல்லாத இணைப்பின் பாக்கெட் நடுவழியில் வந்தால், வழக்கமான விதிகளின்படி அதைத் தள்ளிவிடும். எனவே மாஸ்டர் தன் பட்டியலில் நேரும் மாற்றங்களை பிஎஃப்சிங்க் என்ற நெறிமுறை வழியாக பேக்கப்புக்கு விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இந்த உரையாடலுக்குக் கடவுச்சொல்லும் இல்லை, மறைகுறியாக்கமும் இல்லை. ஆகவே இரண்டு கருவிக்கும் நடுவே தனிக் கேபிள் ஒன்றை நேராகப் போட்டுவிடுவதே நல்லது.

இனி மாற்றும் வேலை. முதலில் கழற்ற வேண்டியது பேக்கப்பை. அதைக் கழற்றினால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் மாஸ்டர் விழுந்தால் தாங்க ஆளில்லை. புதிய கருவியை ராக்கில் மாட்டும்முன், மேசையிலேயே அதன் அமைப்புகளை முடித்துவிட வேண்டும். இங்கே ஒரு சின்னத் தொல்லை. இன்டெல்லின் பழைய கிகாபிட் போர்ட்டுக்கு ‘இஎம்0’ என்று பெயர். அதே நிறுவனத்தின் பத்து கிகாபிட் போர்ட்டுக்கு ‘ஐஎக்ஸ்0’. பழைய கோப்பை அப்படியே நகலெடுத்தால், விதிகள் அங்கே இல்லவே இல்லாத போர்ட்டைத் தேடிக்கொண்டிருக்கும்.

பெரிய ஆபத்து ஃபயர்வாலில் இல்லை, சுவிட்சில் இருக்கிறது. பழைய ஸ்பானிங் ட்ரீ முறையில் இயங்கும் சுவிட்ச், புதிதாகச் செருகிய போர்ட்டை 30 நொடி அடைத்தே வைத்திருக்கும். அதற்குள் புதிய கருவி காதை நீட்டிப் பார்க்கும். மாஸ்டரின் குரல் கேட்காது. ‘சரி, நான்தான் மாஸ்டர்’ என்று முடிவு கட்டிவிடும். போர்ட் திறந்ததும் ஒரே முகவரிக்கு இரண்டு உரிமையாளர்கள். இருவரில் முன்னுரிமை கூடியது வெல்லும். வென்றது புதியது என்றால், ஞாபகம் நிரம்பாமலேயே அது பொறுப்பேற்றிருக்கக்கூடும். அதனால் வேலை முடியும்வரை புதிய கருவிக்கு மிகக் குறைந்த முன்னுரிமையே கொடுக்க வேண்டும். சுவிட்ச் போர்ட்டையும் காத்திருக்காமல் திறக்கும்படி அமைக்க வேண்டும்.

பட்டியல் முழுக்க வந்து சேர்ந்துவிட்டதா என்று இரண்டு பக்கமும் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்தபின், ஒரே கட்டளையில் பழைய மாஸ்டரைப் பதவி இறக்கலாம். உள்பக்க முகவரியும் வெளிப்பக்க முகவரியும் சேர்ந்தே மாற வேண்டும். ஒன்று இங்கும் ஒன்று அங்குமாக நின்றால், போன பாக்கெட்டுக்கு வரும் பதில் வேறு கருவியின் வாசலில் நிற்கும். இப்படித் திட்டமிட்டுப் பதவி இறக்கினால் மூன்று நொடிகூட ஆகாது. தொலைந்த பாக்கெட்டை டிசிபி தானே மறுபடி அனுப்பிவிடும். வீடியோ அழைப்பில் இருப்பவருக்கு மட்டும் எதிராளியின் முகம் கண நேரம் உறையலாம். அடுத்த கருவியை அன்றிரவே மாற்றிவிடத் தோன்றும். வேண்டாம். புதியது சில நாள் சுமை தாங்கட்டும். பழையது பக்கத்தில் உயிரோடு இருக்கும்வரை பின்வாங்குவதும் ஒரு கட்டளைதான்.

பட்டியல் எல்லாவற்றையும் சுமக்காது. ஐபிசெக் விபிஎன் சாவிகளை ஒத்திசைக்க சாசிங்க்டி என்ற வேறொரு நிரல் வேண்டும். பதிப்புச் சிக்கலும் உண்டு. பிஎஃப்சிங்க் பேசும் முறை சில பதிப்புகளுக்கிடையே மாறியிருப்பதால், பழையதும் புதியதும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாமல் போகலாம். ஆகவே வன்பொருளை மாற்றும்போது மென்பொருள் பதிப்பைத் தொடாதீர்கள் என்பதே நல்ல யோசனை. ஆனால் புதிய நெட்வொர்க் அட்டைக்கான டிரைவர் புதிய பதிப்பில் மட்டுமே இருந்தால் அந்த யோசனை உதவாது. அப்போது எல்லா இணைப்புகளும் ஒருமுறை அறுபடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எப்போது அறுப்பது என்பதற்கும் அந்தப் பட்டியலே வழிகாட்டும்: ஒரு வாரம் கவனித்தால், எந்த மணியில் அது மிகச் சிறியதாகச் சுருங்குகிறது என்று தெரிந்துவிடும்.