அது எந்தக் கணையப் புற்றுநோய்?

2018 ஆகஸ்டில் அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃபிராங்ளின் காலமான செய்தியை வானொலியில் நான்தான் வாசித்தேன். ‘கணையப் புற்றுநோயால் மறைந்தார்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். அவருக்கு வந்தது நியூரோஎண்டோகிரைன் என்ற அரிய வகை. அந்த வித்தியாசம் முக்கியமென்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

என் தாய்மாமாவுக்கு வந்தபோதுதான் புரிந்தது. கிள்ளானில் லோரி ஓட்டுபவர். சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில், கணையத்தின் வால் பகுதியில் கட்டி தெரிந்தது. “கணையமா? மூணு மாசம்தான்” என்று சொந்தக்காரர்களே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். மாமா லோரியை விற்க ஆள் தேட ஆரம்பித்தார்.

எண்டோஸ்கோப் வழியாக ஊசி விட்டுச் சதை எடுத்துச் சோதித்த பிறகே உண்மை தெரிந்தது. பெரும்பாலான கணையப் புற்றுநோய் செரிமான நீர் செல்லும் குழாய்களில் உருவாகிறது, வேகமாகப் பரவும். இதுவோ இன்சுலின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கும் செல்களில் தோன்றுவது. பெரும்பாலும் மெதுவாக வளரும். செல்கள் எவ்வளவு வேகத்தில் பிரிகின்றன என்பதைக் ‘கேஐ-67’ என்ற எண் காட்டும். 3 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் முதல் நிலை, 20-ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. மாமாவுக்கு 2.

“மெதுவாத்தானே வளருது, கொஞ்ச நாள் கஷாயம் குடிச்சுப் பார்ப்போமே” என்றார் மாமா. ஸ்டீவ் ஜாப்ஸுக்கும் இதே வகைதான். 2003 அக்டோபரில் கண்டுபிடித்தும், மாற்று மருத்துவத்தை நம்பி 2004 ஜூலையில்தான் அறுவை சிகிச்சைக்குப் போனார், 2011-இல் இறந்தார். தாமதம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அத்தை அந்த ஒன்பது மாதக் கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டார்.

காலியம் என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேனில் வேறெங்கும் பரவவில்லை என்று தெரிந்தது. வால் பகுதியையும் மண்ணீரலையும் அகற்றினார்கள். மண்ணீரல் இல்லாவிட்டால் கிருமித் தொற்று எளிதில் வரும் என்பதால் முன்கூட்டியே தடுப்பூசிகள் போட்டார்கள். கல்லீரலுக்குப் பரவியிருந்தால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி, மாத்திரை, கட்டியைத் தேடிப்போய்த் தாக்கும் கதிரியக்க மருந்து என்று வேறு வழிகளும் உண்டாம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால், “எந்த வகை, எந்த நிலை?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். நாங்கள் அதைக் கேட்பதற்குள் இரண்டு வாரம் அழுது தீர்த்திருந்தோம்.

மாமா இப்போது ஸ்கேன் தேதிகளை நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறார். லோரியை விலை கேட்டு வருபவர்களை அத்தைதான் திருப்பி அனுப்புகிறார்.