சீனி வருத்தமும் அரிவாட் கலப் பரிசோதனையும்

அரிவு வெட்டும் அரிவாளின் வளைவு நம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஒட்சிசன் குறையும்போது சிலரது செங்குருதிக் கலங்களும் அவ்வாறு வளைந்துவிடும். ஈமோகுளோபினில் பரம்பரையாக வரும் ஒரு மாற்றமே காரணம். அது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மாத்திரம் வந்தால் அவர் காவி. காவிக்குப் பொதுவாக வருத்தம் எதுவும் இராது.

1952இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் நீலகிரி மலைவாழ் மக்களிடம் இதனைக் கண்டனர். இலங்கையிலும் உண்டு, ஆயினும் இங்கே தலசீமியாவே பெரிய பிரச்சினை.

சீனி வருத்தம் ஒருவரைக் காவியாக்காது. குழப்பம் சோதனைக் குழாயில்தான். எளிய கரைதிறன் சோதனையில், ஒரு திரவத்தினுள் சிறிது இரத்தத்தை விட்டு, குழாயின் பின்னே கோடிட்ட காகிதத்தைப் பிடிப்பார்கள். கோடு தெரிந்தால் இல்லை. திரவம் கலங்கிக் கோடு மறைந்தால் உண்டு. கட்டுப்பாடற்ற சீனி வருத்தத்தில் இரத்தக் கொழுப்பும் மிகக் கூடுவதுண்டு. அப்போது இரத்தத்தின் திரவப் பகுதி தேங்காய்ப்பால் போல வெளுத்துவிடும். கலங்கலுக்கு அந்தக் கொழுப்பே போதும்! காவியல்லாத ஒருவர் காவியெனப் பெயர் வாங்கிவிடுவார். கலங்களை உப்புநீரில் கழுவி மீண்டும் சோதித்தால் உண்மை தெரியும். எப்படியும் மின்புல நகர்ச்சி முறையினாலோ, ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் கருவியினாலோ உறுதி செய்யாமல் முடிவு கூறலாகாது. கலியாணப் பேச்சின்போது அரைகுறை முடிவு செய்யும் கேட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

நேரெதிரும் நடக்கும். நாட்பட்ட சீனியால் சிறுநீரகம் பழுதாகிக் கடும் இரத்தசோகை வந்தால், ஈமோகுளோபின் போதாமல் உண்மையான காவியும் தப்பிவிடலாம். அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தாலும் முடிவு பிழைக்கலாம்.

காவியின் சீனிக் கணக்கும் பிசகலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ‘ஏ1சி’ சோதனை, காவிகளுக்குச் சுமார் 0.3 புள்ளி குறைவாகக் காட்டியதென 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கூறியது. சில கருவிகளோ இந்த ஈமோகுளோபினைச் சரியாக அளப்பதில்லை. சந்தேகமிருந்தால் வெறுவயிற்றுச் சீனியையும் பார்க்கும்படி வைத்தியரிடம் கேளுங்கள்.

1990இலும் 1995இலும் வலிகாமத்தை விட்டு ஓடிய குடும்பங்கள் பலவற்றின் கிளினிக் கொப்பிகள் வீடுகளோடு போயின. புதிய ஆய்வுகூடத்துக்கு நம் பழைய கதை தெரியாது. இரத்தம் கொடுக்குமுன் சீனி, கொழுப்பு, குடிக்கும் மருந்து, ஏற்றிய இரத்தம் யாவற்றையும் வாயாலேயே சொல்லிவிடுங்கள். முடிவுத் தாளின் பிரதியொன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.