பெருமரத்தை விற்குமுன்

நியூயார்க் என்றதும் விண்ணை முட்டும் மாடங்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் அம்மாநிலத்தின் நிலப்பரப்பில் பாதிக்கு மேற்பட்டது காடு. அதில் பெரும்பகுதி தனியார்க்கு, குறிப்பாகக் குடும்பங்களுக்கு உரியது.

உழவர் கைவிட்ட வயல்களில் தாமாக எழுந்த காடுகள் இவற்றுள் ஏராளம். எனவே அங்கே பருத்த மரமும் மெலிந்த மரமும் பெரும்பாலும் ஒரே வயதுடையன. இங்கேதான் குடும்பத் தலைவர் ஏமாறுகிறார். "பருத்தவற்றை மட்டும் வெட்டிக்கொள்கிறேன், சிறியவை வளர்ந்துவிடும்" என்று மரவியாபாரி கூறும்போது அது நியாயமாகவே தோன்றும். (நானாயிருந்தாலும் தலையசைத்திருப்பேன்.) உண்மையில் எஞ்சுபவை இளமரங்கள் அல்ல, வளர்ச்சியில் பின்தங்கிப்போன முதியவை. விதை தரவேண்டிய நல்ல மரங்களோ போய்விட்டன. புதிதாக முளைப்பதை மான்கள் மேய்ந்துவிடுகின்றன.

இந்நிலையில், கார்னெல் பல்கலைக்கழகம் 1991-ஆம் ஆண்டு ஒரு தொண்டர் பணியைத் தொடங்கிற்று. காடுடையோரிலேயே ஆர்வமுள்ளவர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது. அழைப்பவரின் காட்டுக்கு இவர்கள் ஊதியமின்றிச் சென்று, அவரோடு நடந்து, அவர் விருப்பத்தைக் கேட்டறிகிறார்கள். மரத்துக்கு விலை சொல்வதில்லை; வெட்டவேண்டியவற்றைக் குறிப்பதுமில்லை. அது வனவியலாளர் வேலை. அவரிடம் செல்லுமாறு வழிகாட்டுவதோடு சரி. அண்டை வீட்டார் சொல், அதிகாரியின் சொல்லினும் எளிதில் செவியேறுமன்றோ!

ஆனால் தொண்டரும் மனிதரே. ஒருமுறை பயிற்சி தந்து கைவிட்டால் ஊக்கம் குன்றிவிடும். அவ்வப்போது மீள்பயிற்சியும், பிற தொண்டரோடு கூடிப் பேசும் வாய்ப்பும், ஐயம் எழும்போது கேட்டறிய ஒரு வனவியலாளரும் அவர்களுக்கு வேண்டும்.