முறுக்கினால் போச்சு! முரண்டு பிடிக்கும் பழைய கேமரா லென்ஸ்

திருகினால் திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு முறுக்கு... "கிரக்!"

அவ்வளவுதான். அப்பா ஆசை ஆசையாக வைத்திருந்த கேமராவின் லென்ஸ் அம்போ!

பரணில் தூங்கும் பழைய கேமராக்களுக்கு இப்போது மவுசு திரும்பியிருக்கிறது. லென்ஸை மட்டும் கழற்றி, நடுவில் ஒரு வளையம் போட்டு, புதிய டிஜிட்டல் கேமராவில் மாட்டிப் படம் எடுக்கலாம். அதிலும் சோவியத் நாட்டு "ஹீலியோஸ் 44-2" லென்ஸுக்குத் தனி ரசிகர் கூட்டமே உண்டு. முகம் பளிச்சென்று விழும். பின்னால் இருக்கும் மரம், மட்டை எல்லாம் சுழல் மாதிரி சுற்றும்!

மாஸ்கோ பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் என்ற ஊர். அங்கே 1942-ல் தொடங்கிய ஆலைதான் ஹீலியோஸின் பிறந்த வீடு. ஜெர்மன் நாட்டு "பயோட்டார்" லென்ஸை ஒட்டிப் பிறந்தது இது. 58 மில்லி மீட்டர். உள்ளே 6 கண்ணாடிகள். "ஜெனித்" கேமராவோடு சேர்ந்து உலகமெல்லாம் போனது.

இன்று அதற்கு நாற்பது, ஐம்பது வயது. மூட்டுப் பிடிப்பு வராமல் இருக்குமா?

ஏன் இறுகுது?

முதல் குற்றவாளி கிரீஸ். நாள்பட நாள்பட அதிலுள்ள எண்ணெய் பிரிந்து ஓடிவிடும். மிச்சம் மெழுகு போல மரையில் ஒட்டிக்கொள்ளும். ஓடிய எண்ணெய் சும்மா இருக்காது. உள்ளே போய் பிளேடுகளில் படியும், கண்ணாடியில் மங்கலாக ஏறும்.

இரண்டாவது, ஈரம். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று பட்டு அலுமினியம் வெள்ளையாகப் பூத்துவிடும். மூன்றாவது, ஆலையிலேயே ஸ்க்ரூ கழலாமல் இருக்க வைத்த வார்னிஷ்.

தேங்காய் எண்ணெய் வைத்தியம்!

பழுது பார்க்கும் மேஜையில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"அண்ணே, அசையவே மாட்டேங்குது."

"எண்ணெய் கிண்ணெய் ஏதாவது விட்டியா தம்பி?"

"கொஞ்சூண்டு தேங்காய் எண்ணெய்..."

"கெடுத்தியே காரியத்தை!"

எண்ணெய் எதுவானாலும் லென்ஸுக்கு எமன். பூட்டுக்கும் கீலுக்கும் அடிக்கும் ஸ்பிரேயும் அப்படியே. இன்று இளகும், நாளை பிளேடு முழுக்கப் பரவும். பிளேடுகள் தானே மூடித் திறக்கும் ஆட்டோமேட்டிக் லென்ஸ்களில் ஆபத்து இன்னும் அதிகம். பிசுக்கு ஏறினால் பிளேடு தாமதமாக மூடும். வெளிச்சம் கூடிப் படம் வெளுத்துப் போகும்.

சொட்டுச் சொட்டாக...

சரி, வழி என்ன? ஊசி முனையில் ஒரு சொட்டு லைட்டர் பெட்ரோல். மரை ஓரத்தில் விட வேண்டும், காத்திருக்க வேண்டும், மறுபடி ஒரு சொட்டு. ஒரு ராத்திரி ஊறினாலும் தப்பில்லை. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்!

வார்னிஷ் பூசிய ஸ்க்ரூவுக்கு ஒரே ஒரு சொட்டு அசிட்டோன். இரண்டு பட்டால் பெயிண்ட் போச்சு. பிளாஸ்டிக் பட்டால் உருகும். உஷார்! இரண்டும் சட்டென்று தீப்பிடிக்கும் சரக்கு. ஜன்னல் திறந்திருக்கணும், பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு கூடவே கூடாது. சொட்டு நன்றாகக் காய்ந்த பிறகுதான் சூட்டு வைத்தியம்.

அதற்கும் வேலை இருக்கிறது. 100 டிகிரி சூடு ஏறினால் ஒரு மீட்டர் அலுமினியம் 2.3 மில்லி மீட்டர் நீளும், பித்தளை 1.9 தான். பித்தளை மேல் ஏறிய அலுமினிய வளையம் சூட்டில் மயிரிழை விலகுவது இதனால்தான். ஹேர் டிரையர் போதும். அடம் பிடிக்கும் ஸ்க்ரூவின் தலையில் சால்டரிங் அயர்ன் முனையைச் சில விநாடி வைத்தால் வார்னிஷ் இளகும். கண்ணாடிப் பக்கம் மட்டும் சூடு போகக்கூடாது. ஒட்டிய கண்ணாடிகளின் நடுவே உள்ள பிசின் இளகிவிடும்.

ஹவாய் செருப்பு கைகொடுக்கும்!

முன்னால் மாட்டிய ஃபில்டர் கழலவில்லையா? இறுக்கிப் பிடித்தால் வட்டம் நசுங்கி முட்டை வடிவாகும், இன்னும் இறுகும். கழுவித் துடைத்த ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தில் லென்ஸைக் கவிழ்த்து, மெல்ல அழுத்தித் திருப்பினால் சுலபமாக வந்துவிடும். வளையம் முழுக்க ஒரே சீராகப் பிடிப்பதுதான் ரகசியம்.

ஸ்க்ரூவைக் கழற்றும் முன் ஒரு துளி இறுக்கிப் பார்ப்பதும் கைகண்ட வித்தை. பிடிப்பு விட்டுவிடும். ஜப்பான் லென்ஸ் என்றால் ஜப்பான் அளவு ஸ்க்ரூடிரைவரே வேண்டும். சாதாரண ஸ்டார் டிரைவர் தலையைத் தின்றுவிடும். இரண்டு முனை ஸ்பேனர் வழுக்கினால் கண்ணாடியில் கோடுதான். முதலில் கண்ணாடி மேல் வட்டமாக வெட்டிய காகிதத்தை மூடணும்.

கழன்ற பிறகுதான் கண்டம்!

அப்பாடா, கழன்றுவிட்டது! இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

ஃபோகஸ் மரைக்கு ஒரு வாய் அல்ல, பல வாய். ஜாம் பாட்டில் மூடி எந்தப் பக்கம் வைத்தாலும் ஏறுமே, அதுபோல இதுவும் எங்கே வைத்தாலும் ஏறும். ஆனால் சரியான வாய் ஒன்றே ஒன்றுதான்! மாறினால் தூரத்துக் கோபுரமும் நிலாவும் என்றைக்கும் தெளிவாக விழாது. மரை பிரியும் அந்த இடத்தில், இரண்டு பக்கமும் ஊசியால் சின்னக் கோடு கிழித்துக் கொண்டால் பிழைத்தோம். ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

பிறகு பழைய பிசுக்கை வழித்துத் துடைத்து, மரையில் மட்டும் மெல்லியதாகப் புது கிரீஸ். பிளேடுக்கு ஒன்றும் வேண்டாம். அது காய்ந்துதான் இருக்க வேண்டும்.

இறுகுவதற்கு நாற்பது வருஷம் எடுத்துக்கொண்ட மரை, இளகுவதற்கு நாலு நாள் கேட்டால் கொடுத்தால்தான் என்ன? பதறாத காரியம் சிதறாது. லென்ஸும் அப்படித்தான்!